அதிபர் கைக்குப் போன அதிகாரம் திரும்பி வந்த கதை உண்டா? (பிளஸ் டூ வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது)

காரைக்குடி டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். பதினெட்டு வருடமாக இதே பாடம்தான். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். நடுவே அம்புக்குறி போட்டு, ஒன்று எல்லை மீறினால் மற்ற இரண்டும் தடுக்கும் என்று சொல்வேன். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து நின்றது.

"எங்க ஊர்க் கோயில்ல முறை வச்சு காரியக்காரர் மாறுவாங்க மிஸ். சாவி, நகைப் பட்டியல், கணக்கு நோட்டு எல்லாத்தையும் அடுத்தவங்ககிட்ட எண்ணி ஒப்படைச்சிருவாங்க. அதிபருங்க கைக்குப் போன அதிகாரம் மட்டும் ஏன் மிஸ் திரும்பி வர மாட்டேங்குது?"

திரும்பி வராது என்று யார் சொன்னது என்றேன். "நீங்கதான் மிஸ். ஜெர்மனி 1933, ஹிட்லர் கதை சொன்னீங்க, நம்ம ஊரு 1975 எமர்ஜென்சி சொன்னீங்க. எல்லாக் கதையிலயும் போனதைத்தான் சொன்னீங்க, வந்ததைச் சொல்லவே இல்லை."

அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். பாடப் புத்தகமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். ஒரு நாட்டில் நாடாளுமன்றத்திடமோ நீதிமன்றத்திடமோ இருந்த அதிகாரம் அதிபர் பக்கம் சாய்ந்து, அப்புறம் திரும்பி வந்ததற்கு உண்மையான உதாரணம் இருக்கிறதா? யார் என்ன செய்ததால் வந்தது? வருடத்தோடு சொன்னால் பலகையில் எழுதிப் போடுவேன். கட்சிச் சண்டை வேண்டாம், பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

தேவகோட்டை வக்கீல்:

டீச்சர், முதல் உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். நீங்கள் 1975-ஐப் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள், மீதியையும் சொல்லுங்கள்.

1975 ஜூன் 25 இரவு, பிரதமரின் பரிந்துரை வந்ததும் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை அதற்கு முன்பு கூடவே இல்லை. மறுநாள் காலையில்தான் அமைச்சர்களை அழைத்து ஒப்புதல் வாங்கினார்கள். நம் நாட்டில் கையெழுத்து குடியரசுத் தலைவருடையது, அதிகாரம் பிரதமருடையது. 'அதிபர்' என்ற பாடத்தை நடத்தும்போது இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1977 தேர்தலில் ஆட்சி மாறியது. 1978-ல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். அந்த இரவில் எந்தெந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்ததோ, அதே ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி' என்று போட்டார்கள். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யக் கூடாது என்றார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும், நீட்டிப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி ஏற்க வேண்டும்.

அதே திருத்தம் குடியரசுத் தலைவருக்கும் சின்னதாக ஒரு கதவைத் திறந்தது. அமைச்சரவையின் ஆலோசனையை ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர வந்த பரிந்துரையை கே.ஆர். நாராயணன் அப்படித் திருப்பி அனுப்பினார். மத்திய அமைச்சரவை அதைக் கைவிட்டது.

நம் மாநிலம் சம்பந்தப்பட்டதும் ஒன்று இருக்கிறது. ஆளுநர் நிறுத்தி வைத்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தார்கள். குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, அப்படிக் காலக்கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று நவம்பர் 20-ல் கருத்துச் சொன்னார்கள். காரணமே இல்லாமல் நெடுநாள் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏப்ரலில் நீதிமன்றம் கையில் எடுத்ததை நவம்பரில் நீதிமன்றமே இறக்கி வைத்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய மசோதா எத்தனை நாள் காத்திருக்கும் என்பதற்கு ஒரு எண் இருந்திருக்கலாம்.

கண்டனூர் பேரேடு:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 77 வயது. அந்தப் பிள்ளை காரியக்காரரைச் சொன்னதும் என் அப்பச்சி (அப்பா) நினைவு வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சி கொழும்பில் செட்டியார் தெருவில் ஒரு கடைக்கு ஏஜெண்டாக இருந்தார்கள். கடை என்றால் வட்டிக்கடை. முதலாளி இங்கே ஊரில். முதலாளி எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் இன்னமும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. கடன் கொடுக்கலாம், வாங்கலாம், வழக்குப் போடலாம், நிலத்தை எழுதி வாங்கலாம் என்று ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய அத்தனை அதிகாரமும் அதில் இருக்கிறது. கொடுக்காமல் முடியாது. கடல் தாண்டி இருக்கும் ஆள் ஒவ்வொன்றுக்கும் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது.

ஆனால் அதற்கு மூன்று கட்டு இருந்தது. மூன்று வருடம்தான் கணக்கு. மாதாமாதம் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, ஊருக்கு வந்தாக வேண்டும். அடுத்த ஏஜெண்டு போய், பேரேட்டை வரிவரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழையவர் கிளம்பலாம்.

அதே தெருவில் இன்னொரு கடை. அங்கே ஏஜெண்டு கெட்டிக்காரர், பணம் நன்றாக வந்துகொண்டிருந்தது. முதலாளி ஒரு கடிதத்தில் தவணையை நீட்டினார். மறுபடி ஒரு கடிதத்தில் நீட்டினார். ஐந்தொகை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வந்தது, அப்புறம் நாலு மாதத்துக்கு ஒன்று. பணம் வருகிறதே என்று முதலாளி கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. நாலு வருடம் நடந்தது அந்த வழக்கு. பவர் கொடுத்ததில் தப்பில்லை, ஐந்தொகை வராத முதல் மாதமே கேட்காததுதான் தப்பு என்று அப்பச்சி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிறுவயதில் இரண்டு வருடம் நானும் கொழும்பில் இருந்தேன். ஆடிவேல் திருவிழாவின்போது செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் புறப்பட்டு பம்பலப்பிட்டி போகும். காலிமுகத்திடலில் கடல் காற்று அடிக்க அடிக்கப் பின்னாலேயே நடந்திருக்கிறேன். அதனால் இலங்கைச் செய்தி என்றால் இன்றும் விடாமல் படிப்பேன். உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே அதிகாரம் ஒரு முறை போய் ஒரு முறை வந்ததோடு முடியவில்லை, ஊஞ்சல் மாதிரி ஆடியிருக்கிறது.

1977 தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் கட்சிக்கு 168 இடத்தில் 140. அந்தப் பலத்தில் 1978-ல் புது அரசியலமைப்பு வந்தது. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி என்று அதற்குப் பெயர். பதவியில் இருக்கும்வரை அவருக்கு எதிராகப் பெரும்பாலும் வழக்குப் போட முடியாமல் இருந்தது, பாராளுமன்றத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் பெரிதாக இல்லை. 1982-ல் தன் கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, பாராளுமன்றத் தேர்தலே வைக்காமல் அந்தச் சபையின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார். நான் சொன்ன அந்த இரண்டாவது கடைதான் இது. தவணை நீட்டியாயிற்று, ஏஜெண்டைக் கேள்வி கேட்க வேண்டியவர்களின் கடிதமும் ஏஜெண்டின் பெட்டியிலேயே இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத் திருத்தங்களின் எண்ணை வைத்துச் சொல்கிறேன், பலகையில் எழுத வசதி. 2001-ல் 17-ஆவது திருத்தம். நீதிபதிகள், போலீஸ் ஆணைக்குழு, தேர்தல் ஆணைக்குழு நியமனங்களை ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாதபடி அரசியலமைப்புப் பேரவை என்ற ஒன்றை நடுவில் வைத்தார்கள். 2010 செப்டம்பரில் 18. பேரவை போயிற்று, ஒருவர் இரண்டு முறைதான் ஜனாதிபதியாகலாம் என்ற கட்டும் போயிற்று. ஆதரவு 161, எதிர்ப்பு 17. 2015 ஏப்ரலில் 19. பேரவை திரும்பி வந்தது, இரண்டு முறை என்ற கட்டும் வந்தது. ஆதரவாக 212 பேர். 2020 அக்டோபரில் 20, மறுபடி பெரும்பகுதி ஜனாதிபதி பக்கம், 156-க்கு 65. 2022 அக்டோபரில் 21, பெரும்பகுதி மறுபடி இந்தப் பக்கம், 179-க்கு 1.

டீச்சரம்மா, இந்த எண்களைப் பிள்ளைகளை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமே 225 பேர் இருக்கும் சபை. 2010-ல் 161 பேர் கொடுத்ததை 2015-ல் 212 பேர் திரும்ப எடுக்கிறார்கள் என்றால், கொடுத்த கையும் எடுத்த கையும் பலருக்கு ஒன்றுதான். மைத்திரிபால சிறிசேனவே 18 வந்தபோது அமைச்சர், 19 வந்தபோது ஜனாதிபதி. எனக்கு இதில் அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. பாராளுமன்றம் என்பது எந்தக் காற்றுக்கும் அசையாத மலை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

நீதிமன்றத்தின் கதையும் இப்படித்தான். திவிநெகும என்ற வறுமை ஒழிப்பு மசோதாவில் அரசுக்குப் பிடிக்காத முடிவு சொன்ன பிறகு, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பாராளுமன்றம் 2013 ஜனவரியில் பதவி நீக்கியது. விசாரணைக் குழுவின் முடிவு செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியும் கேட்கவில்லை. அங்கே பாராளுமன்றம் ஜனாதிபதியின் கையாக வேலை செய்தது. 2015-ல் ஆட்சி மாறியதும் அவரை மறுபடி உட்கார வைத்தார்கள். ஒரு நாள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இனி 2018. இதை மட்டும் வகுப்பில் நிதானமாகச் சொல்லுங்கள்.

அக்டோபர் 26 இரவு ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு, முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். சபையில் மகிந்தவுக்குப் பெரும்பான்மை சேரவில்லை. நவம்பர் 9-ல் ஜனாதிபதி பாராளுமன்றத்தையே கலைத்தார். அவர் கொண்டுவந்த 19-ஆவது திருத்தத்தில்தான் ஒரு எண் இருந்தது: முதல் கூட்டம் நடந்து நாலரை வருடம் ஆவதற்கு முன் ஜனாதிபதி கலைக்க முடியாது, கலைக்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். அப்போது ஆகியிருந்தது மூன்று வருடமும் சில வாரமும்.

வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் இரா. சம்பந்தனுடையது. தமிழர் கட்சித் தலைவர், வயதானவர், ரணிலுக்கோ மகிந்தவுக்கோ கடன்பட்டவர் இல்லை. நவம்பர் 13-ல் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. மறுநாளே சபை கூடியது. சபாநாயகர் கரு ஜயசூரிய நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் குரல் வாக்கெடுப்புக்கு விட்டார். நவம்பர் 16-ல் அவருடைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துகொண்டார், மிளகாய்ப் பொடியைக் கரைத்து வீசினார்கள். அவர் போலீஸ் சூழ உள்ளே வந்து, நின்றுகொண்டே சபையை நடத்தினார். டிசம்பர் 13-ல் ஏழு நீதியரசர்கள் ஒரே குரலில் கலைத்தது செல்லாது என்றார்கள். (அங்கே உச்ச நீதிமன்றத்தைத்தான் உயர் நீதிமன்றம் என்பார்கள், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், சொல்லிவிடுங்கள்.) இரண்டு நாளில் மகிந்த விலகினார். 16-ஆம் தேதி ரணில் மறுபடி பதவியேற்றார்.

துப்பாக்கி இதைத் தீர்மானிக்கவில்லை. படை ஜனாதிபதியிடம் இருந்தது, நீதிமன்றத்திடம் இருந்தது காகிதம். நான் அன்று இரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த நாட்டில் அதற்கு முன் நடந்ததெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் அந்த அழுகை புரியும்.

ஆனால் இருபத்திரண்டு மாதத்தில் 20-ஆவது திருத்தம் வந்துவிட்டது. மக்களே தேர்தலில் பெரும் பலம் கொடுத்தார்கள், சபையே கையெழுத்துப் போட்டது. நாலரை வருடம் என்ற எண் இரண்டரை ஆனது. 2022-ல் பேரவையும் ஆணைக்குழுக்களும் திரும்பி வந்தன, அந்த எண் மட்டும் திரும்பவில்லை, இன்றும் இரண்டரைதான். உங்கள் மாணவிக்கு என் பதில் இதுதான்: வருகிறது, ஆனால் ஒப்படைத்த பட்டியலில் இருந்த எல்லா நகையும் வருவதில்லை. எது குறைகிறது என்று எண்ணிப் பார்த்து வாங்க ஆள் வேண்டும்.

ஹட்டன் பேத்தி:

கண்டனூர் ஐயா, உங்கள் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பாராளுமன்றத்திடம் அதிகாரம் திரும்பி வந்தாலே நல்லது என்பது போல ஒரு வாசனை அதில் இருக்கிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் அப்பாயி ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. அதைச் செய்தது எந்த ஜனாதிபதி? அப்போது ஜனாதிபதி என்ற பதவியே அங்கே இல்லை. பாராளுமன்றம்தான் வாக்கெடுத்துச் செய்தது. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டமும் பாராளுமன்றம் செய்ததுதான். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இவ்வளவு பேர் இங்கே, இவ்வளவு பேர் அங்கே என்று பிரித்தார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அம்மா ராமானுஜம் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இறங்கியபோது அவருக்குப் பதினொரு வயது. கையில் ஒரு தகரப் பெட்டி.

நாடற்றவர்களாக அங்கேயே தங்கிவிட்ட மிச்சப் பேருக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 1988-ல் வந்தது. அது நிறைவேற்று ஜனாதிபதி இருந்த காலம். ஏன் என்றால், நாடு முழுவதும் ஒரே தொகுதியாகி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது மலையகத்து வாக்கும் எண்ணப்படும். பாராளுமன்றத்தில் நாங்கள் சில நாற்காலி. ஜனாதிபதி தேர்தலில் நாங்கள் தராசுத் தட்டில் வைக்கிற கடைசிப் படிக்கல். 2015-ல் சிறிசேன 51.28 சதவீதம், மகிந்த 47.58. வடக்கும் கிழக்கும் மலையகமும் வாக்களித்த விதம்தான் அந்த வித்தியாசம். நீங்கள் அழுத 2018-க்கு முன்னால் அந்த 19-ஆவது திருத்தமே அந்த வாக்குகளால் வந்ததுதான்.

2019-ல் மகிந்தவின் தம்பி கோட்டாபய அந்த வாக்குகள் பெரிதாக இல்லாமலேயே ஜெயித்தார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஜனாதிபதி முறைதான் எங்களைக் காக்கும் என்று சொல்ல மாட்டேன். டீச்சர் பலகையில் அம்புக்குறி போடும்போது, அந்த மூன்று கட்டத்துக்கும் வெளியே நிற்கிற ஆட்களுக்கும் ஒரு இடம் போடுங்கள். அதிகாரம் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குப் போகும்போது அவர்களுக்கு என்ன ஆனது என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

பள்ளத்தூர் – வர்ஜீனியா:

ஊர் ஆட்கள் பேசுவதைப் பார்த்து உள்ளே வந்தேன். அமெரிக்காவிலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இது கண்டனூர் அண்ணன் சொன்ன பவர் பத்திரம் மாதிரியே இருக்கிறது.

இங்கே அதிபர் தேசிய அவசரநிலை அறிவித்தால் பல சட்டங்களில் உறங்கிக்கொண்டிருக்கும் அதிகாரங்கள் அவருக்குக் கிடைக்கும். 1976-ல் இங்கத்து நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: அறிவிப்பது நீங்கள், ஆனால் இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டால் அவசரநிலை முடிந்தது, அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டாம். கடிவாளம் காங்கிரஸ் கையில்.

1983-ல் ஜக்தீஷ் சட்டா என்பவர் வழக்கு வந்தது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி, மாணவர் விசா முடிந்தும் தங்கியவர். குடியேற்றத் துறை அவரைத் தங்கலாம் என்று விட்டது. கீழவை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்யக் கூடாது என்றது. சட்டத்தின் பலன் வேண்டுமென்றால் இரண்டு அவையும் நிறைவேற்றி அதிபருக்கு அனுப்ப வேண்டும் என்றது. ஒரு தனி மனிதனுக்கு நியாயம் கிடைத்தது, நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதே வாசகத்தால் 1976 சட்டத்தின் கடிவாளமும் அறுந்தது. பிறகு 1985-ல் காங்கிரஸ் சட்டத்தை மாற்றி, அதிபரின் கையெழுத்துக்குப் போகும் தீர்மானமாக ஆக்க வேண்டியதாயிற்று.

2019-ல் டிரம்ப் எல்லைச் சுவருக்காக அவசரநிலை அறிவித்தார். கீழவை 245-க்கு 182, மேலவை 59-க்கு 41 என்று அதை முடிக்கத் தீர்மானம் போட்டன. மேலவையில் அவருடைய கட்சிக்காரர்களே 12 பேர் சேர்ந்தார்கள். மார்ச் 15-ல் அவர் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அதைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கீழவையில் 248-க்கு 181 வந்தது, போதவில்லை. கொடுப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், திரும்ப வாங்குவதற்கு மூன்றில் இரண்டு. எந்த முதலாளியும் அப்படி ஒரு பவர் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்.

போர் விஷயமும் இதே சாயல். காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942-ல். அதற்குப் பிறகு கொரியா, வியட்நாம் எதற்கும் அந்த அறிவிப்பு இல்லை. 1973-ல் நிக்சனின் வீட்டோவையும் தாண்டி ஒரு சட்டம் போட்டார்கள், 60 நாளுக்கு மேல் அனுமதி இல்லாமல் படையை வைத்திருக்கக் கூடாது என்று. சட்டம் இன்றும் இருக்கிறது. கணக்குக் கேட்கும் மாதம் மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

கண்டனூர் பேரேடு:

ஹட்டன் பேத்திக்கு. நீ சொன்னது என்னைத் தைத்தது அம்மா. 1948-ல் என் அப்பச்சி அங்கேதான் இருந்தார்கள். கடைகளுக்கு வந்த கஷ்டம், முதல் முடங்கியது, விசா கிடைக்காதது எல்லாம் எங்கள் வீட்டில் நாள் பூராவும் பேசப்பட்டது. தோட்டத்துச் சனத்துக்கு வாக்கு போனதைப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்களுக்குத் திரும்பி வர வீடு இருந்தது, வளவும் முகப்பும் வைத்துக் கட்டிய வீடு. உன் அம்மாவுக்குத் தகரப் பெட்டி. நான் எழுதியதில் அந்த வாசனை இருந்தது உண்மை. பாராளுமன்றம் முதலாளி என்றே எழுதிவிட்டேன். முதலாளி அந்தச் சபைக்கும் மேலே இருக்கிற சனம், அதில் ஒரு பகுதியின் பெயரையே பங்காளிப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டுத்தான் அந்தக் கடை நடந்தது. டீச்சரம்மா, நான் எழுதியதைப் பலகையில் போட்டால் இந்தப் பிள்ளை எழுதியதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

பள்ளத்தூர்த் தம்பி, 245-க்கு 182 என்ற கணக்கை நான் அறிந்ததில்லை. நன்றி.

காரைக்குடி டீச்சர்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரண்டு பீரியடையும் இதற்கே எடுத்துக்கொண்டேன். 17, 18, 19, 20, 21 என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பிள்ளைகளையே வந்து போடச் சொன்னேன். 20-க்கு அம்பு போட வந்த பையன் சாக்பீஸை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். "ஜெயிச்சு ரெண்டு வருசம்கூட ஆகலையே மிஸ்" என்றான். பலகையின் ஓரத்தில் ஹட்டன் பேத்தி கேட்ட இடத்தை ஒரு கட்டமாகப் போட்டு 1948 என்று எழுதினோம்.

வக்கீல் சார் சொன்ன 44-ஆவது திருத்தத்தைக் கேட்டுவிட்டு, முதலில் கேள்வி கேட்ட பிள்ளை ஒரு வேலை செய்தது. நெருக்கடி நிலை பற்றிய 352-ஆவது பிரிவின் பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி, மாறிய சொற்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டியது. நகைப் பட்டியல் சரிபார்க்கிற மாதிரி இருக்கிறது மிஸ் என்றது.

கண்டனூர் ஐயா, ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை பதினோரு மணி பீரியடுக்கு வகுப்புக்கு வர முடியுமா? தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன். ஹட்டன் பேத்தி அம்மாவையும் அழைத்து வந்தால் இன்னும் சந்தோஷம்.

ஹட்டன் பேத்தி:

அம்மா வருகிறேன் என்கிறார். பெட்டியையும் கொண்டு வரலாமா என்று கேட்கிறார்.

கண்டனூர் பேரேடு:

வருகிறேன் டீச்சரம்மா. பவர் பத்திரத்தையும், ஒரு வருடப் பேரேட்டையும் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். தமிழ் எண்ணில்தான் எழுதியிருக்கும், அரை, கால், வீசம் எல்லாம் எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.